புயலுக்கு உதவாத சோலார்

மொட்டைமாடியில் சோலார் போட்ட பலருக்கு ஒரு விவரம் தாமதமாகத்தான் தெரியவருகிறது: தெருவில் கரண்ட் போனால் மாடியில் இருக்கும் சோலாரும் நின்றுவிடும். உச்சி வெயில் கொளுத்தினாலும் சரி, பேனலில் ஒரு தூசுகூட இல்லாவிட்டாலும் சரி, மின்வாரியக் கம்பியில் மின்சாரம் இல்லையென்றால் வீட்டுக்குள் ஒரு விளக்கும் எரியாது. விற்கும்போது பேசப்படுவதெல்லாம் இரண்டு மாதக் கட்டணம் எவ்வளவு குறையும், மானியம் எத்தனை நாளில் வங்கிக் கணக்குக்கு வரும் என்பதுதான். கரண்ட் இல்லாத நாளைப் பற்றி விற்பவரும் சொல்வதில்லை, வாங்குபவரும் கேட்பதில்லை.

அரை மணி நேர மின்தடை வந்துபோகும் ஊரில் இதைப் பெரிய குறையாக எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. ஆனால், அக்டோபர் பிறந்தால் வங்கக் கடலையே பார்த்துக்கொண்டிருக்கும் கடலோர மாவட்டங்களின் நிலைமை வேறு. அங்கே மின்தடை மணிக்கணக்கில் முடிவதில்லை. மின்கட்டணத்தைக் குறைக்கும் கருவியாக மட்டும் சோலாரை வீடுகளில் ஏற்றிவிட்டு, அது மிகவும் தேவைப்படும் வாரத்தில் அணைந்துபோகும்படி விட்டுவைப்பது, மக்களின் பணத்தையும் அரசின் மானியத்தையும் பாதியளவுக்கே பயன்படுத்துவதாகும். மீதிப் பாதியை மீட்பது எப்படி என்பதை அடுத்த பெரும்புயல் வருவதற்கு முன்பே யோசித்தாக வேண்டும்.

கஜா காட்டிய கணக்கு

2018 நவம்பர் 16 அதிகாலையில் வேதாரண்யம் பக்கம் கரையைக் கடந்த கஜா புயல், ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்களைச் சாய்த்தது. நாகப்பட்டினம், திருவாரூர், தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டங்களின் உட்கிராமங்கள் பலவற்றுக்கு மின்சாரம் திரும்ப வாரக்கணக்கில் ஆனது. வேறு மாவட்டங்களிலிருந்தும் மாநிலங்களிலிருந்தும் வந்த மின்ஊழியர்கள் சேற்று வயலில் இறங்கிக் கம்பம் நட்டார்கள். அவர்களின் உழைப்பில் குறை சொல்ல எதுவுமில்லை. ஒரு லட்சம் கம்பங்களை நட எவ்வளவு நாள் ஆகுமோ, அவ்வளவு நாள் ஆனது.

அந்த நாட்களில் இருட்டைவிட மக்களை அதிகம் வாட்டியது தண்ணீர்தான். மேல்நிலைத் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றும் மோட்டார் ஓடவில்லை. ஊர்ப் பணத்தில் ஜெனரேட்டர் வாடகைக்கு எடுத்துத் தொட்டியை நிரப்பினார்கள். வாடகை நாளுக்கு நாள் ஏறியது. கைபேசிக்குச் சார்ஜ் ஏற்றித் தரக் காசு வாங்கினார்கள். சார்ஜ் ஏறிய கைபேசியாலும் பல இடங்களில் பயனில்லை, கோபுரங்கள் செயலிழந்து கிடந்தன. வெளியூரில் இருந்த பிள்ளைகளுக்குப் பெற்றோர் உயிரோடு இருக்கும் செய்தி நாள்கணக்கில் தாமதமாகப் போனது.

கஜா மட்டுமில்லை. 2011 டிசம்பர் 30-ல் தானே புயல் கடலூரையும் புதுச்சேரியையும் இருளில் தள்ளியது. 2016 டிசம்பர் 12-ல் வார்தா சென்னையின் மரங்களையும் கம்பங்களையும் வீழ்த்தியபோது பணமதிப்பு நீக்கம் அறிவிக்கப்பட்டு ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. கையில் ரொக்கமில்லை, அட்டை தேய்க்கலாம் என்றால் கடையில் கரண்ட் இல்லை, நெட்வொர்க் இல்லை. இன்று காய்கறிக் கடை வரைக்கும் கியூஆர் அட்டை தொங்குகிறது. பால் வாங்கவும் கரண்ட் வேண்டும் என்ற நிலைக்கு அப்போதைவிட இப்போது நெருங்கி வந்திருக்கிறோம்.

பெரும்பாலான புயல்களுக்குப் பொதுவான ஒன்று உண்டு. புயல் கடந்தபின் வெயில் வரச் சில நாட்கள்தான் ஆகும். கரண்ட் வரத்தான் வாரங்கள் ஆகின்றன. இந்த இடைவெளியில்தான் மாடி சோலார் கைகொடுக்க வேண்டும். இன்று இருக்கும் அமைப்பில் அது கைகொடுக்காது.

ஏன் நிற்கிறது?

இதில் சதி எதுவுமில்லை, உயிர்க்காப்பு இருக்கிறது. கம்பி அறுந்த தெருவில் வேலைக்கு வரும் லைன்மேன் ஏபி சுவிட்சை இறக்குகிறார், ஃபியூஸைப் பிடுங்குகிறார், கம்பியில் எர்த் ராடை மாட்டுகிறார், பிறகுதான் கம்பத்தில் ஏறுகிறார். அவருக்குப் பின்னால் ஏதோ ஒரு மாடியிலிருந்து சோலார் மின்சாரம் அதே கம்பிக்குள் பாய்ந்தால், டிரான்ஸ்ஃபார்மர் தலைகீழாக வேலை செய்யும். வீட்டுப் பக்கத்து 230 வோல்ட், மறுபக்கம் 11,000 வோல்ட்டாக ஏறி நிற்கும். அதனால்தான் கிரிட்டோடு இணைந்த இன்வெர்ட்டர் எதுவானாலும், கம்பியில் மின்சாரம் நின்ற ஓரிரு நொடிக்குள் தன்னைத் துண்டித்துக்கொள்ள வேண்டும் என்பது உலகெங்கும் உள்ள விதி. இந்தியாவில் மத்திய மின்சார ஆணையத்தின் 2013 ஒழுங்குமுறையும் இதையே கேட்கிறது. இந்த விதியில் கைவைக்கக் கூடாது.

விதியை மீறாமலே வீட்டுக்கு மின்சாரம் தர வழி இருக்கிறது. ஹைபிரிட் இன்வெர்ட்டர் என்று கடைகளில் கிடைப்பது, கரண்ட் போனதும் தெருவின் தொடர்பை முழுதாக வெட்டிவிட்டு, வீட்டின் சில விளக்கு, விசிறி இணைப்புகளுக்கு மட்டும் பேனலிலிருந்தும் பேட்டரியிலிருந்தும் மின்சாரம் தருகிறது. லைன்மேனுக்கும் ஆபத்தில்லை, வீட்டிலும் இருட்டில்லை. புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டியது ஒன்றுமில்லை. வாங்கும்போது அதைக் கேட்க வேண்டும், மானியம் கொடுக்கும்போது அதை வற்புறுத்த வேண்டும். இரண்டும் நடக்கவில்லை.

மற்றவர்கள் பட்டது

2025 ஏப்ரல் 28 நண்பகலில் ஸ்பெயினும் போர்ச்சுகலும் ஒரே வீச்சில் இருண்டன. சூரிய மின்சாரம் பெருக்கெடுத்து ஓடிய நேரம் அது. மாடியில் பேனல் வைத்திருந்த வீடுகளில், பேட்டரியும் தனித்து இயங்கும் வசதியும் இருந்தவை மட்டுமே தப்பின. அதே ஆண்டு பிப்ரவரி 9-ல் இலங்கை முழுதும் மின்சாரம் இழந்தது. பாணந்துறை துணைமின் நிலையத்தில் ஒரு குரங்கு மோதியதுதான் தொடக்கம் என்றார்கள். அதுவும் ஞாயிற்றுக்கிழமை முற்பகல், நல்ல வெயில். இரண்டு மாதம் கழித்துப் புத்தாண்டு விடுமுறை வந்தபோது, தேவை குறைந்து கிரிட் தடுமாறும் என்று அஞ்சிய இலங்கை மின்சார சபை, கூரை சோலாரைப் பகலில் அணைத்துவைக்கும்படி வீட்டுக்காரர்களைக் கேட்டுக்கொண்டது. சேமித்துவைக்க இடமில்லாத சோலார், பற்றாக்குறையிலும் உதவவில்லை, மிகுதியிலும் உதவவில்லை.

பாடம் படித்து மாறிய இடமும் உண்டு. கரீபியத் தீவான போர்ட்டோ ரிக்கோவை 2017 செப்டம்பர் 20-ல் மரியா புயல் தாக்கியது. தீவு முழுதும் மின்சாரம் திரும்ப ஏறத்தாழ 11 மாதம் ஆனது. அங்கும் பேட்டரி இல்லாத கூரை சோலார்கள் சும்மா கிடந்தன. ஆனால், மலையூரான அட்ஹுன்தாஸில் காசா புவெப்லோ என்ற மக்கள் அமைப்பின் கட்டடத்தில் 1999-லிருந்தே சோலாரும் பேட்டரியும் இருந்தன. புயலுக்குப் பின் அந்தக் கட்டடமே ஊரின் மையமானது. மூச்சுக்கருவிகளுக்கு மின்சாரம் தேடி வந்தவர்களுக்கும், செய்தி அனுப்பக் காத்திருந்தவர்களுக்கும் அது திறந்திருந்தது. அதன்பின் அத்தீவில் புதிதாகப் போடப்படும் கூரை சோலார்களில் பெரும்பாலானவை பேட்டரியோடுதான் வருகின்றன. அங்கே சோலார் வாங்குபவர் முதலில் கேட்பது கட்டணக் குறைப்பை அல்ல, எத்தனை மணி நேரம் தாங்கும் என்பதைத்தான்.

மானியம் எதை அளக்கிறது?

2024-ல் தொடங்கிய பிரதமரின் சூரிய வீடு திட்டம் ஒரு கோடி வீடுகளை எட்ட நினைக்கிறது. ஒதுக்கீடு 75,021 கோடி ரூபாய். இரண்டு கிலோவாட் வரை கிலோவாட்டுக்கு 30,000 ரூபாய், மூன்றாவது கிலோவாட்டுக்கு 18,000 ரூபாய், மொத்தத்தில் அதிகபட்சம் 78,000 ரூபாய் மானியம். இந்தக் கணக்கு முழுக்கப் பேனலின் கிலோவாட்டில் நடக்கிறது. பேட்டரி சேர்த்தால் அதற்கென்று கூடுதலாக ஒரு ரூபாயும் வராது. ஜெய்ப்பூரில் போட்டாலும் வேதாரண்யத்தில் போட்டாலும் மானியம் ஒன்றே. மின்தடையில் வேலை செய்யுமா என்று படிவத்தில் எங்கும் கேள்வி இல்லை. எதை அளக்கிறார்களோ அதைத்தான் சந்தை தரும்.

தமிழ்நாட்டில் இன்னொரு சிக்கல். இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம் என்பதால், குறைவாகப் பயன்படுத்தும் வீட்டுக்குச் சோலாரால் மிச்சமாவது சொற்பம். இங்கே கூரை சோலார் பெரும்பாலும் வசதியுள்ளவர்களின் மாடியில்தான் ஏறுகிறது. ஓட்டுவீட்டுக்கும் வாடகை வீட்டுக்கும் அது எட்டாது. ஆகவே, வீட்டுக்கு வீடு பேட்டரி என்பதோடு நின்றால், புயல் இரவில் தெருவில் நாலு வீடு மட்டும் வெளிச்சமாக இருக்கும். வீட்டுக்கும் ஊருக்கும் சேர்த்துத்தான் திட்டமிட வேண்டும்.

வீட்டில் செய்ய வேண்டியது

2012 வாக்கில் மாவட்டங்களில் நாளில் பாதிக்கு மேல் கரண்ட் போன காலத்தில், இன்வெர்ட்டர் நடுத்தர வீடுகளின் நிரந்தர உறுப்பினரானது. ஹாலின் மூலையில் இன்னும் அந்த 150 ஏஎச் டியூபுலர் பேட்டரி இருக்கிறது. மேலே சோலார், கீழே பேட்டரி, இரண்டும் சேர்ந்து காப்பாற்றிவிடும் என்று பலர் நம்புகிறார்கள். காப்பாற்றாது. கரண்ட் போனதும் மேலே இருப்பது நின்றுவிடும்; கீழே இருப்பது சில மணி நேரத்தில் தீர்ந்துவிடும்; அதைத் திரும்ப நிரப்ப வழியிருக்காது. இரண்டையும் இணைக்கும் கருவி வீட்டில் இல்லை.

கணக்கைப் போட்டுப் பார்த்தால் தேவை எவ்வளவு சிறியது என்பது தெரியும். 9 வாட் எல்இடி விளக்கு மூன்று, ஐந்து மணி நேரம்: 135 வாட்-மணி. 30 வாட் பிஎல்டிசி விசிறி இரண்டு, பத்து மணி நேரம்: 600. நான்கு கைபேசிகளுக்கு 60. வைஃபை பெட்டிக்கு 100. மொத்தம் 895, அதாவது ஒரு யூனிட்டுக்கும் குறைவு. 12 வோல்ட் 150 ஏஎச் பேட்டரியில் காகிதத்தில் இருப்பது 1,800 வாட்-மணி. அதன் ஆயுள் கெடாமல் பாதியை எடுத்தால் 900. ஒரு குடும்பத்தின் ஒரு நாள் அதில் அடங்கிவிடுகிறது. அதே வீட்டில் பழைய 75 வாட் விசிறி இரண்டு ஓடினால் விசிறிக்கே 1,500 வேண்டும், கணக்கு உடைந்துவிடும். புயலுக்குத் தயாராவதன் முதல் செலவு பேட்டரி இல்லை, விசிறி.

நிரப்புவதும் எளிதுதான். ஒரு கிலோவாட் பேனல் நம் ஊரில் நல்ல நாளில் நான்கு யூனிட் தரும். மழை மூட்டத்தில் அது கால்வாசிக்கும் கீழே இறங்கலாம். ஏற்கெனவே மூன்று கிலோவாட் போட்டிருப்பவருக்கு மூட்டமான நாளிலும் இந்த ஒரு யூனிட்டுக்குப் பஞ்சம் வராது. குறைவது ஹைபிரிட் இன்வெர்ட்டரும் அளவான ஒரு பேட்டரியும் மட்டுமே. அவ்வளவு செலவழிக்க முடியாதவர்களுக்குச் சிறிய வழி ஒன்று உண்டு. கிரிட்டோடு சேராமல் தனியாக இரண்டு பேனல், ஒரு சார்ஜ் கன்ட்ரோலர் வாங்கி, இருக்கும் இன்வெர்ட்டர் பேட்டரியில் இணைத்துக்கொள்ளலாம். கரண்ட் இல்லாவிட்டாலும் அது தினமும் நிரம்பும்.

செய்யக் கூடாதவையும் உண்டு. தண்ணீர் மோட்டாரைச் சிறிய இன்வெர்ட்டரில் மாட்டக் கூடாது. ஒரு எச்பி மோட்டார் கிளம்பும் நொடியில் பல மடங்கு மின்னோட்டம் இழுக்கும். புயல் எச்சரிக்கை வந்த அன்றே தொட்டியை நிரப்பி வைப்பதுதான் அதற்கு மாற்று. ஃப்ரிட்ஜை வெயில் இருக்கும் பகலில் மட்டும் ஓட்டலாம். பேட்டரியைத் தரைத்தளத்தில் வைத்தால் வெள்ளம் வந்த இரவே அது போய்விடும். மாடிப்படி இடைத்தளத்துக்காவது ஏற்ற வேண்டும். வாடகை ஜெனரேட்டரின் கம்பியைச் சுவர் பிளக்கில் நேரடியாகச் சொருகி வீட்டுக்கு மின்சாரம் ஏற்றும் பழக்கம் மிக ஆபத்தானது. சேஞ்ச்ஓவர் சுவிட்ச் இல்லாமல் அதைச் செய்தால், சோலாருக்குப் போட்ட அத்தனை காப்பு விதியும் வீணாகி, கம்பத்தில் இருப்பவரின் உயிர் போகும்.

பேனலே புயலில் தப்புமா என்பதையும் பார்க்க வேண்டும். கட்டடங்களின் காற்றுச்சுமைக்கான இந்தியத் தரநிலை, சென்னைக்கு நொடிக்கு 50 மீட்டர் காற்றைக் கணக்கில் கொள்ளச் சொல்கிறது. அது மணிக்கு 180 கிலோமீட்டர். மாடியில் நடமாட இடம் வேண்டும் என்று எட்டு, பத்து அடி உயரத்தில் பந்தல் போல் தூக்கிக் கட்டும் வழக்கம் இங்கே பரவியிருக்கிறது. தளத்தில் துளையிட்டால் ஒழுகும் என்று பயந்து, சிமென்ட் கட்டைகளின் எடையை மட்டும் நம்பி நிறுத்துகிறவர்களும் உண்டு. கடலோரத்தில் இந்த இரண்டும் சேர்ந்தால் பேனல் அடுத்த வீட்டுக்குப் பறக்கும். செப்டம்பரில் ஒருமுறை ஏறிப் போல்ட்டு, கிளாம்ப் எல்லாவற்றையும் முடுக்கிப் பார்ப்பதற்குச் செலவே இல்லை.

ஊருக்கு ஒரு இடம்

ஒவ்வொரு கடலோரக் குக்கிராமத்திலும் கரண்ட் போனாலும் விளக்கு எரியும் கட்டடம் ஒன்று இருக்க வேண்டும். பள்ளியாகவோ, துணைச் சுகாதார நிலையமாகவோ, பேரிடர் பாதுகாப்பு மையமாகவோ இருக்கலாம். எல்லாச் சுமையையும் அது தாங்க வேண்டியதில்லை. ஐம்பது கைபேசிக்குச் சார்ஜ் ஏற்ற முக்கால் யூனிட் போதும். இன்சுலினும் தடுப்பூசியும் வைக்கும் குளிர்பெட்டி, ஆஸ்துமா நோயாளிக்கு நெபுலைசர், பிரசவ அறையில் விளக்கு, அதிகாரிகளுக்குச் செய்தி அனுப்ப வாக்கி-டாக்கி ஆகியவற்றைத் தாங்கும் சில கிலோவாட் பேனலும் பேட்டரியும் அங்கே இருந்தால் ஊர் தலைநிமிர்ந்து நிற்கும்.

குடிநீருக்குப் பேட்டரியே தேவையில்லை. விவசாயிகளுக்கு மானியத்தில் தரப்படும் சோலார் பம்ப்செட்டுகள் கிரிட்டையும் பேட்டரியையும் நம்பாமல் வெயிலில் நேரடியாக ஓடுகின்றன. ஊராட்சியின் குடிநீர்க் கிணறு ஒன்றிலாவது அதே பம்ப் இருந்தால், பகலில் தொட்டி நிரம்பும், இரவில் குழாயில் வரும். தொட்டியில் ஏறிய தண்ணீரே அந்த ஊரின் சேமிப்பு. ஜெனரேட்டர் வாடகைக்காக ஊர்க்கூட்டம் போட வேண்டிய நிலை வராது.

இதற்குப் புதிய திட்டமும் வேண்டியதில்லை. பிரதமரின் சூரிய வீடு திட்டத்துக்குள்ளேயே மாவட்டத்துக்கு ஒரு மாதிரி சோலார் கிராமம் என்ற பிரிவு இருக்கிறது. 5,000 பேருக்கு மேல் வாழும் வருவாய்க் கிராமங்கள் போட்டியிட்டு, வெல்லும் கிராமம் ஒரு கோடி ரூபாய் பெறுகிறது. அங்கும் வெற்றியை முடிவுசெய்வது எத்தனை கிலோவாட் ஏறியது என்பதே. கடலூர் முதல் ராமநாதபுரம் வரையிலான மாவட்டங்களில், மூன்று நாள் கிரிட் இல்லாமல் குடிநீரும் சுகாதார நிலையமும் ஓடுமா என்பதையும் சேர்த்து மதிப்பிடும்படி மாநில அரசு கேட்க வேண்டும்.

பேட்டரி செத்தபின் யார் வருவார்?

இந்த இடத்தில் நியாயமான ஒரு சந்தேகம் எழும். பொது இடத்தில் வைத்த சோலாரின் கதி நமக்குத் தெரியாததா? பிகார் மாநிலம் தர்ணை கிராமத்தில் 2014-ல் 100 கிலோவாட் சோலார் மின்நிலையம் விமரிசையாகத் தொடங்கப்பட்டது. பின்னால் கிரிட் மின்சாரம் மலிவாக வந்தது, பேட்டரிகள் தேய்ந்தன, பழுதுபார்க்க ஆள் வரவில்லை. சில ஆண்டுகளில் அந்த வளாகத்தில் மாடு கட்டினார்கள். தமிழ்நாட்டிலும் 2011-ல் தொடங்கிய பசுமை வீடுகள் திட்டத்தில் வீட்டுக்கு ஐந்து சோலார் விளக்குகள் பொருத்தப்பட்டன. நல்ல எண்ணம்தான். ஆனால், ஈய அமில பேட்டரிக்கு ஆயுள் நான்கைந்து ஆண்டு. அதை மாற்றும் செலவையும் தொடக்கத்திலேயே கணக்கில் வைக்காத எந்தத் திட்டமும், விழா முடிந்த ஐந்தாம் ஆண்டில் இருட்டிலேயே நிற்கும்.

சத்தீஸ்கர் இதைக் கொஞ்சம் வேறு மாதிரி செய்தது. அங்கே மாநிலப் புதுப்பிக்கத்தக்க எரிசக்தி முகமையான கிரெடா, நூற்றுக்கணக்கான ஆரம்பச் சுகாதார நிலையங்களுக்குச் சோலாரும் பேட்டரியும் பொருத்தியதோடு நிற்கவில்லை. பராமரிப்பையும் தன் பொறுப்பிலேயே வைத்துக்கொண்டு, ஊர்களைத் தொகுத்துத் தொகுதிக்கு ஒரு தொழில்நுட்பர் என்று அமர்த்தியது. தமிழ்நாட்டில் அந்த வேலைக்கு ஆள் தேட வேண்டியதில்லை. ஐடிஐ படித்த எலெக்ட்ரீஷியன்கள் ஒன்றியம்தோறும் இருக்கிறார்கள். பொறுப்பேற்று நடத்த மகளிர் சுயஉதவிக் குழுக்கள் இருக்கின்றன. சாதாரண நாட்களில் அந்தக் கட்டடத்தின் மின்கட்டணத்தில் மிச்சமாகும் தொகையைத் தனிக் கணக்கில் போட்டுவைத்தால், பேட்டரி மாற்றும் ஆண்டில் யாரிடமும் கையேந்த வேண்டாம். தினமும் மாலையில் அந்தப் பேட்டரியிலிருந்து விளக்கு எரிய வேண்டும் என்பதும் முக்கியம். பத்து வருடத்துக்கு ஒருமுறை வரும் புயலுக்காகப் பூட்டிவைத்த பேட்டரி, புயல் வரும் நாளில் வேலை செய்யாது.

இவ்வளவு செலவுக்குப் பதில் கம்பிகளைப் பூமிக்கடியில் புதைத்துவிடலாமே என்பார்கள். கடலூர், நாகப்பட்டினம், வேளாங்கண்ணி நகரங்களில் அந்தப் பணி நடந்திருக்கிறது, நல்லதே. நெருக்கமான நகரத்துக்கு அது பொருந்தும். வயலுக்கு நடுவே பத்து வீடும், அதற்கு அப்பால் இன்னொரு பத்து வீடுமாகச் சிதறிக் கிடக்கும் டெல்டா முழுக்கப் புதைகம்பி என்பது நம் வாழ்நாளில் நடக்கிற காரியமில்லை. பேட்டரிக்கு இன்னொரு பயனும் உண்டு. பகலில் சோலார் மின்சாரம் மிஞ்சுகிறது, பொழுது சாய்ந்ததும் தேவை ஏறி, மின்வாரியம் அதிக விலைக்கு வாங்குகிறது. வீட்டு பேட்டரிகள் மாலையில் கைகொடுத்தால் அந்தச் செலவு குறையும். ஆண்டு முழுக்க மின்வாரியத்துக்கும், புயலில் வீட்டுக்கும் பயன்படும் ஒன்றுக்கு மானியம் தருவதை வீண் என்று சொல்ல முடியாது.

வடகிழக்குப் பருவமழைக்கு முன்பு ஆண்டுதோறும் மாவட்ட ஆட்சியர் தலைமையில் ஆயத்தக் கூட்டம் நடக்கிறது. மணல் மூட்டை, மரம் அறுக்கும் இயந்திரம், படகு என்று பட்டியல் சரிபார்க்கப்படுகிறது. அதில் இன்னொரு வரியும் வேண்டும்: கரண்ட் போனாலும் விளக்கு எரிய வேண்டிய ஒவ்வொரு பள்ளி, சுகாதார நிலையம், பாதுகாப்பு மையத்திலும் செப்டம்பரில் ஒருநாள் காலையில் மெயின் சுவிட்சை அணைத்து, மறுநாள் காலை வரை கிரிட் இல்லாமல் ஓட்டிப் பார்க்க வேண்டும். எது நின்றது, எத்தனை மணிக்கு நின்றது, சரிசெய்ய யார் வந்தார் என்று எழுதி ஊராட்சி அலுவலகத்தில் ஒட்ட வேண்டும். கடலோர மாவட்டங்களில் ஹைபிரிட் இன்வெர்ட்டருக்கும் ஒரு யூனிட் பேட்டரிக்கும் மாநில அரசு தன் பங்காக ஒரு தொகை தர வேண்டும். சோலார் விற்கும் ஒவ்வொரு நிறுவனமும், கரண்ட் போனால் இது இயங்குமா, எதெல்லாம் எவ்வளவு நேரம் இயங்கும் என்று தமிழில் எழுதிக் கையெழுத்திட்ட தாளை வாங்குபவரிடம் கொடுக்க வேண்டும். மூன்றாவதற்குப் பணமே தேவையில்லை. ஓர் அரசாணை போதும். அதை இந்தப் பருவமழைக்கு முன்பே செய்துவிடலாம்.